நடராஜர் சாய்ந்து கிடக்கிறார்: அருங்காட்சியகத் தளங்களுக்கு ஒரு கைவைத்தியம்

காலை ஒன்பதரைக்குப் போன். மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருக்கும் சிறிய அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். "தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்குப் பார்த்தா நடராஜர் சாய்ஞ்சு கிடக்கிறார்." சிலைதான் விழுந்துவிட்டதோ என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம்தான் புரிந்தது, அவர் சொன்னது வெப்சைட்டில் இருக்கும் படத்தை.

இந்த மாதிரி இடங்களுக்கு ஏழெட்டுத் தளங்கள் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லாம் சின்ன அருங்காட்சியகங்கள். நான்கு அறை, சில நூறு பொருள்கள், ஒரு காப்பாட்சியர், ஒரு காவலர், கணினி தெரிந்த ஒருவர் அரை நாள் மட்டும். ஊர் மாறினாலும் கோளாறு மாறுவதில்லை. அதனால் கேள்விப்பட்ட அறிகுறிகளை வைத்தே இதை எழுதுகிறேன். உங்கள் தளத்தில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போய்ப் படித்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். திரையில் தெரியும் கோளாறில் பாதிக்கு மேல் பதிவேட்டில் பிறந்தது. டிசைனருக்குப் போன் போடுவதற்கு முன் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். பல நேரம் போன் செலவே மிச்சமாகும்.

அறிகுறி: "உயரம் 45 உஅ"

இது ஒரு முதுமக்கள் தாழியின் பக்கத்தில் இருந்தது. 'உஅ' என்றால் என்ன அளவை என்று ஒரு கல்லூரி மாணவி மின்னஞ்சலில் கேட்டிருந்தார். சங்ககால அளவையாக இருக்குமோ என்ற சந்தேகம் அவருக்கு.

நடந்தது இதுதான். பொருள் விவரங்களை 2000களின் தொடக்கத்தில் யாரோ பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்து எழுத்துருக்களில் தமிழ் எழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். இதை யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை) மாற்றத் தந்திருக்கிறார்கள். மாற்றும் மென்பொருள் முழுக் கோப்பையும் பாமினி என்றே எடுத்துக்கொண்டது. சென்டிமீட்டரைக் குறிக்க ஆங்கிலத்தில் இருந்த 'சி', 'எம்' இரண்டும் பாமினிக் கணக்கில் 'உ', 'அ'. ஆக, 45 சென்டிமீட்டர் 45 உஅ ஆனது. மில்லிமீட்டர் எல்லாம் 'அஅ'.

சரி செய்வது எப்படி? முதலில் எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். டிடிபி கடையில் அடித்தது பெரும்பாலும் பாமினி. அரசு அலுவலகத்திலிருந்து வந்தது என்றால் வானவில் ஔவையாராக இருக்க வாய்ப்பு அதிகம். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல்தான். அதற்கு முந்தைய கோப்பு எதுவாக இருந்தாலும் சந்தேகத்தோடு பாருங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் பாமினி, டிஸ்கி, டேப், வானவில் எல்லாவற்றையும் மாற்றும். பத்து வரியை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் எது சரி என்று உடனே தெரிந்துவிடும்.

ஆனால் முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். பழைய வேர்டு கோப்பில் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற தகவல் இன்னும் இருக்கும். பாமினியில் இருக்கும் பகுதிகளை மட்டும் மாற்றும்படி செய்தால் ஆங்கிலச் சொற்கள் தப்பிக்கும். கோப்பு ஏற்கெனவே மாற்றப்பட்டு வந்துவிட்டது என்றால் 'உஅ', 'அஅ' என்று தேடிப் பாருங்கள். அந்தத் தாழி வைத்திருந்த அருங்காட்சியகத்தில் மட்டும் 212 இடங்களில் இருந்தது.

அறிகுறி: கல்வெட்டு வாசகம் மட்டும் கேள்விக்குறியாக வருகிறது

தமிழ் ஒழுங்காகத் தெரியும். ஆனால் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் ஒரு வரி சேர்த்தால் அது கேள்விக்குறியாக நிற்கும், அல்லது அந்த வரியோடு மீதி விவரமும் காணாமல் போகும். இதில் ஆள் குழம்பிப்போவார்கள். தமிழ் வேலை செய்கிறதே, பிறகு ஏன்?

வழக்கமான தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் (யூனிகோடைச் சேமிக்கும் முறை) மூன்று பைட்டு. பிராமியும் கிரந்தமும் நான்கு பைட்டு. பழைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 'யூடிஎஃப்8' என்று பெயர் வைத்த அமைப்பு மூன்று பைட்டு வரைதான் தாங்கும். முழுமையான அமைப்புக்குப் பெயர் 'யூடிஎஃப்8எம்பி4'. தரவுத்தளம், அட்டவணை, இணைப்பு மூன்றையும் அதற்கு மாற்ற வேண்டும். மூன்றில் இணைப்பைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மாற்றிய பின் சோதிக்க நான் வைத்திருப்பது ஜம்பைக் கல்வெட்டு: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி'. இதைத் தமிழி எழுத்தில் சேமித்து, மூடி, திரும்பத் திறந்து பார்ப்பேன். அதியமான் பத்திரமாக வந்தால் மற்றவர்களும் வருவார்கள்.

கேள்விக்குறிக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வேறு நோய். தரவு சரியாக இருக்கிறது, பார்ப்பவர் போனில் எழுத்துரு இல்லை. யூனிகோடில் பிராமி சேர்ந்தது 2010இல், கிரந்தம் 2014இல். முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறிகளும் பழைய கணக்குக் குறிகளுமாக 51 எழுத்துகள் 2019இல்தான் வந்தன. ஓலைக் கணக்கும் நிலப் பத்திரமும் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு இந்தக் கடைசித் தொகுதி தேவைப்படும். நோட்டோ குடும்பத்தில் இவை எல்லாவற்றுக்கும் எழுத்துரு இலவசமாக இருக்கிறது. தளத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள். வட்டெழுத்துக்கு நான் மைப்படியின் (கல்வெட்டைக் காகிதத்தில் மையால் ஒற்றி எடுத்த பிரதி) படத்தைப் போட்டு, பக்கத்தில் இன்றைய எழுத்தில் வாசகம் கொடுத்துவிடுவேன்.

அறிகுறி: பொருள் இருக்கிறது, தேடினால் வரவில்லை

அதிகமாக வரும் புகார் இதுதான். பழியை ஆளுக்கு ஆள் தவறான இடத்தில் போடுவதும் இதில்தான்.

ஓர் இடத்தில் வாசலிலேயே பதினோரு நடுகற்கள் நிற்கின்றன. தேடல் பெட்டியில் 'நடுகல்' என்று அடித்தால் மூன்று வந்தது. பதிவேட்டைப் பார்த்தேன். இரண்டு 'வீரக்கல்' என்று இருந்தன. ஒன்று 'வீரன் சிலை'. இரண்டு நவகண்டச் சிற்பங்கள் (தன்னையே பலிகொடுக்கும் வீரன்), அந்தப் பெயரில். மூன்று கற்களுக்கும் சேர்த்து ஒரே பதிவாக 'நடுகற்கள் - 3'. கூட்டினால் பதினொன்று. தேடல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. 'நடுகல்' என்பதும் 'நடுகற்கள்' என்பதும் நமக்கு ஒரே சொல், கணினிக்கு 'நடுக' வரைதான் ஒற்றுமை. அதற்கு மேல் புணர்ச்சி விதி வந்து 'ல்'லை 'ற்' ஆக்கிவிட்டது. 'செப்பேடு', 'செப்பேட்டில்' என்பதற்கும் இதே கதை.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 12ஆம் பதிப்பிலிருந்து தமிழ் வேர்ச்சொல் வசதி (விகுதியை நீக்கி வேரை வைத்துத் தேடுவது) இருக்கிறது. போட்டு வையுங்கள், தப்பில்லை. ஆனால் எனக்குப் பலன் தந்தது நாலு பக்கச் சொற்பட்டியல். ஒரு தமிழாசிரியரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பொருளுக்கு ஊரில் என்னென்ன பெயர் என்று கேட்டு எழுதுங்கள். நடுகல், வீரக்கல், வீரன் கல். முதுமக்கள் தாழி, ஈமத்தாழி. செப்பேடு, தாமிர சாசனம், செப்புப் பட்டயம். ஒவ்வொரு வரிசையையும் ஒரே பொருளாகத் தேடலுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும். பதிவேட்டில் இருக்கும் பெயரைத் திருத்த வேண்டியதில்லை, திருத்தவும் கூடாது. 1960இல் ஒருவர் 'வீரன் சிலை' என்று எழுதினார் என்பதும் அந்தக் கல்லின் வரலாறுதான்.

பெயரும் ஒன்று, எழுத்தும் ஒன்று, ஆனாலும் வரவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு எங்கோ இருக்கிறது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம். முன்பு 'ஸ்' போட்டு 'ரீ' சேர்த்தார்கள். பிறகு 'ஶ்' போட்டுச் சேர்ப்பதே முறை என்று ஆனது. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஸ்ரீரங்கம், ஸ்ரீவைகுண்டம், ஸ்ரீதேவி, பாதிப் பதிவு ஒரு விதம், பாதி இன்னொரு விதம். அடுத்து இந்தச் சொல்லைப் பாருங்கள்: சோழா். இதையும் பாருங்கள்: சோழர். முதலாவதில் இருப்பது 'ர்' கிடையாது, துணைக்காலுக்கு மேல் ஒரு புள்ளி. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது கொட்டிக் கிடக்கும். 'கௌதமர்' என்பதற்குக் கொம்பு போட்டு 'ள' எழுத்தைச் சேர்த்து 'கெளதமர்' என்று அடிப்பது இன்னொன்று. எண் ஏழும் 'எ' எழுத்தும் பார்க்க ஒன்று (௭, எ). 'கொ' என்பதை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். போதாக்குறைக்கு வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய பத்தியில் அகலமே இல்லாத ஓர் இணைப்பு நீக்கிக் குறி சொல்லுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்.

இதில் கொம்பும் காலும் பிரிந்த விவகாரத்தை யூனிகோடின் 'என்எஃப்சி' சீராக்கம் பார்த்துக்கொள்ளும். மற்றதை எல்லாம் நாம்தான் விதி எழுதி மாற்ற வேண்டும். பதிவுகளைச் சேமிக்கும்போது ஒரு முறை, வாசகர் தேடும் சொல்லுக்கு ஒரு முறை, இரண்டு பக்கமும் அதே விதி ஓட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் முன்பு வந்துகொண்டிருந்ததும் வராது. இதை நானே ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் செய்து, திங்கள் வரை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அறிகுறி: அகரவரிசை தப்பு, காலவரிசை அதைவிடத் தப்பு

பொருள் பட்டியலில் 'படிமம்' முன்னால் வந்து 'பட்டயம்' பின்னால் வருகிறதா? 'அறுவைக் கத்தி' முடிந்து 'அலகு' வருகிறதா? கணினி எழுத்துகளை யூனிகோட் எண் வரிசையில் அடுக்குகிறது என்று அர்த்தம். அந்த எண் வரிசையில் ரகரத்துக்குப் பக்கத்திலேயே றகரம், லகரத்துக்குப் பக்கத்திலேயே ளகரமும் ழகரமும். புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் பின்னால். நம் அகராதி வரிசை அப்படி இல்லை. இதற்கு யாரும் நிரல் எழுத வேண்டாம். தமிழுக்கான வரிசை ஐசியூ என்ற மென்பொருள் நூலகத்திலும் எல்லாப் பிரவுசரிலும் ஏற்கெனவே இருக்கிறது. 'மொழி தமிழ்' என்று சொல்லி அதைக் கூப்பிட்டால் போதும்.

காலவரிசைதான் வேடிக்கை. காலத்தை எழுத்தாகச் சேமித்தால் 'கி.பி. 10'உம் 'கி.பி. 11'உம் முடிந்த பிறகு 'கி.பி. 9' வரும். 'பி'க்குப் பிறகுதான் 'மு' என்பதால் கி.மு. எல்லாம் கடைசி. பெருங்கற்காலக் கறுப்பு சிவப்புப் பானை நாயக்கர் காலத் தந்தச் சிற்பத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஒவ்வொரு பொருளுக்கும் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு என்று இரண்டு எண் கட்டம் வையுங்கள். 11ஆம் நூற்றாண்டு என்றால் 1001, 1100. கி.மு.வுக்குக் கழித்தல் குறி. வாசகருக்குக் காட்டும் 'ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டு' என்ற சொற்றொடர் தனியாக மூன்றாவது கட்டத்தில் இருக்கட்டும்.

அறிகுறி: ஒவ்வோர் ஆண்டிலும் முதல் பன்னிரண்டு பொருள்களைக் காணோம்

துப்பறியும் கதை மாதிரி இருந்தது இது. 1987இல் சேர்ந்த பொருள்களில் 13ஆம் எண்ணிலிருந்து எல்லாம் தளத்தில் இருக்கிறது. முதல் பன்னிரண்டு இல்லை. 1988ஐப் பார்த்தால் அங்கேயும் அப்படி. இருபது வருடமும் அப்படி.

பதிவேட்டில் எண் போடும் முறை 'வரிசை எண், சாய்கோடு, ஆண்டு'. அதாவது 7/1987, 45/1987. கணக்கர் இதை எக்ஸெலில் அடித்தார். 7/1987 என்பதை எக்ஸெல் 1987ஆம் ஆண்டு ஜூலை மாதம் என்று புரிந்துகொண்டு 'ஜூலை-87' ஆக்கிவிட்டது. 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் 13/1987 தப்பித்தது. தளத்தில் ஏற்றும்போது 'ஜூலை-87' என்ற பதிவு எண் எதனோடும் பொருந்தாமல் கழிந்துவிட்டது.

மருந்து எளிது. அடிக்கத் தொடங்கும் முன் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' என்று மாற்ற வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் பழைய எண் திரும்பாது, ஏதோ ஐந்து இலக்க எண்தான் வரும். ஏற்கெனவே கெட்டுப்போனதை மாதத்தை வைத்துத் திரும்ப எழுதலாம். ஜூலை என்றால் 7. ஆனால் எழுதி முடித்ததும் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள்.

அதே சாய்கோடு இன்னொரு இடத்திலும் கழுத்தை அறுக்கும். பொருளின் பக்க முகவரியில் பதிவு எண்ணை அப்படியே வைத்தால் '45' என்ற அடைவுக்குள் '1987' என்ற பக்கத்தைத் தேடிப் போகும் சர்வர். முகவரிக்கு மட்டும் ஆண்டை முன்னால் போட்டு, எண்ணை நான்கு இலக்கமாக்கி, நடுவில் சிறுகோடு வைத்துக்கொள்ளுங்கள்: 1987-0045. வரிசையும் தானாகச் சரியாகிவிடும். பக்கத்தில் காட்டும் எண் மட்டும் பதிவேட்டில் உள்ளபடியே, பொருளின் அடியில் பெயின்டால் எழுதியிருப்பதுபோலவே, 45/1987 என்று இருக்க வேண்டும். ஆய்வாளர் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்பார்.

இன்னொன்று. தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்க முகவரிகள் மாறினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடாமல் தளத்தைத் திறக்காதீர்கள். யாரோ ஒருவர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் உங்கள் பழைய முகவரியை அச்சடித்து வைத்திருப்பார்.

அறிகுறி: படம் சாய்ந்திருக்கிறது, நிறம் வேறாக இருக்கிறது, பக்கம் திறக்க யுகம் ஆகிறது

காப்பாட்சியரின் நடராஜருக்கு வருவோம். கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்தால் படம் உண்மையில் படுத்த நிலையிலேயே சேமிக்கப்படும். 'இதைத் தொண்ணூறு பாகை திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு, படக் கோப்போடு சேர்ந்து வரும் எக்சிஃப் தகவலில் தனியாக இருக்கும். படத்தைச் சிறிதாக்கும் நிரல் அந்தக் குறிப்பை அழித்துவிட்டால் நடராஜர் சாய்ந்துவிடுவார். முதலில் படத்தையே திருப்பிச் சேமித்துவிட்டு, பிறகு குறிப்பை அழிக்கும்படி நிரலை மாற்றினால் எழுந்து நிற்பார்.

நிறத்துக்கு அவ்வளவு சுலப வழி இல்லை. ஐம்பொன் திருமேனி டியூப்லைட்டில் பச்சையடிக்கும், குண்டு பல்பில் தங்கம் மாதிரி ஆகும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்துக்கே இந்தத் தலைவலி வந்தது. வெர்மீரின் பால்காரி ஓவியத்துக்கு இணையத்தில் மஞ்சள் பூத்த நகல்கள் நிறைந்துவிட்டதால், அருங்காட்சியகக் கடையில் விற்ற சரியான நிறத்து அஞ்சலட்டையைப் பார்த்து 'இது ஒரிஜினல் நிறம் இல்லையே' என்றார்களாம் பார்வையாளர்கள். அவர்கள் கண்ட வழி, நல்ல படத்தைத் தாங்களே வெளியிடுவது. நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு பொருளுக்கும் முதல் படத்தில் நிற அட்டையும் அளவுகோலும் பக்கத்தில் இருக்கட்டும். வெளியிடும் பிரதியை, இணையத்துக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றுங்கள். அடோபி ஆர்ஜிபியில் எடுத்ததை நிறத் தகவல் இல்லாமல் ஏற்றினால் குங்குமம் வெளிறிப்போகும்.

வேகம்? 24 மெகாபிக்சல் படம் ஒன்று சுமார் பத்து எம்பி. ஒரு பக்கத்தில் நாற்பது இருந்தால் 400 எம்பி. பட்டியலுக்கு 400 பிக்சல் அகலம், பொருள் பக்கத்துக்கு 1600 போதும். நகை வேலைப்பாட்டைப் பெரிதாக்கிப் பார்க்க விரும்புவோருக்கு, படத்தைச் சிறு ஓடுகளாக வெட்டி, பார்க்கும் பகுதியை மட்டும் அனுப்பும் முறை இருக்கிறது. பெரிய நூலகங்கள் சேர்ந்து 2011இல் தொடங்கிய 'ட்ரிபிள்-ஐ-எஃப்' என்ற பொதுத் தரம் இதற்குத்தான். ஓப்பன்சீட்ராகன் என்ற இலவச நிரலை வைத்துச் சின்னத் தளத்திலும் செய்யலாம்.

பட்டியல் படத்தைச் சதுரமாக வெட்டும் டெம்ப்ளேட்டை மட்டும் கழற்றி எறியுங்கள். ஓலைச்சுவடியைச் சதுரமாக வெட்டினால் கயிறு கோக்கும் துளை மட்டும்தான் தெரியும். ஒரு தளத்தில் தொண்ணூறு சுவடிக்கும் தொண்ணூறு துளை வரிசையாக நின்றது.

அறிகுறி: காப்பாட்சியர் படம் தர மறுக்கிறார்

இது மென்பொருள் கோளாறு கிடையாது, ஆனாலும் தளம் வெறுமையாக இருப்பதற்கு முதல் காரணம். "படத்தைப் போட்டா கள்ளன் பார்த்துட்டு வருவான்" என்பார்கள். அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். பதிலுக்கு ஸ்ரீபுரந்தான் கதையைச் சொல்வேன். அரியலூர் மாவட்டத்து அந்தக் கோயிலிலிருந்து களவுபோன நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அதே திருமேனியைக் கோயிலில் இருந்தபோதே படமெடுத்து வைத்திருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு அடையாளம் கண்டார்கள். 2014இல் நடராஜர் இந்தியா திரும்பினார். படம் இல்லாத சிலை களவுபோனால் நம்முடையது என்று நிரூபிக்க வாய்வார்த்தைதான் மிச்சம்.

அதே நேரம், எதையெல்லாம் மறைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். போனில் எடுத்த படத்துக்குள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். காட்டுக்குள் காவலின்றி நிற்கும் நடுகல்லின் படத்தை அப்படியே ஏற்றினால் வழிகாட்டிப் பலகை வைத்த மாதிரி. வெளியிடும் முன் அந்தத் தகவலை நீக்கிவிட்டு, ஊர்ப் பெயருக்குப் பதில் வட்டம் மட்டும் போடுங்கள். காப்பறை எங்கே, எந்த அலமாரியில் என்ன என்ற விவரமும் தளத்துக்கு வேண்டாம்.

படத்தின் நடுவே பெரிதாக வாட்டர்மார்க் அடிக்கச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அம்மன் முகத்தில் அருங்காட்சியகத்தின் பெயர் குறுக்கே ஓடுவது யாருக்கு நல்லது? நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. அந்த அளவுக்குப் போக மனமில்லை என்றால், ஓரத்தில் சிறிதாக ஒரு வரி போதும். படத்துக்கு உரிமை யாருக்கு என்ற சந்தேகம் எழுந்தால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவர்தான் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

போஸ்டர் படத்தில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது: போட்டோஷாப்பில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்வு செய்யாமல் செய்திருக்கிறார்கள். அறிவிப்பைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போட்டால் இந்தப் பிரச்சினையே வராது, தேடலிலும் கிடைக்கும்.

'விர்ச்சுவல் டூர்' வெற்றுக் கட்டமாக இருக்கிறது: ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்தது. 2020 முடிவோடு ஃபிளாஷ் முடிந்துவிட்டது. மூலப் புகைப்படங்கள் யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

போனில் தலைப்பு திரையைத் தாண்டி ஓடுகிறது: 'அருங்காட்சியகங்களுக்கான' போன்ற சொல்லை வைத்துச் சோதிக்காமல் ஆங்கிலத் தலைப்பை வைத்து வடிவமைத்தார்கள். எழுத்தளவைக் குறைத்து, வரி இடைவெளியை எழுத்தளவைப்போல் 1.6 மடங்காவது ஆக்குங்கள்.

அரக்குப் பின்னணியில் தங்க எழுத்து படிக்க முடியவில்லை: கோயில் களை வர வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்பது குறைந்தபட்சம். ஆசையை மேலே ஒரு பட்டையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

திரை வாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையை உரக்கப் படிக்கும் மென்பொருள்) தமிழை வாசிக்காமல் தாண்டிப் போகிறது: பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறித்திருக்கும். தமிழ் என்று மாற்றுங்கள். படங்களுக்கு மாற்று உரை எழுதும்போது 'சிலை' என்று விட்டுவிடாமல், வலக்கை தூக்கியிருக்கிறதா, காலடியில் யார் என்று எழுதுங்கள்.

வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள்: சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள். வெளியூர்க்காரர் தன் ஊர்ப் பழக்கத்தை நம்பித்தான் வருவார். விடுமுறை நாளை முகப்பில், எழுத்தாக, முதல் திரையிலேயே போடுங்கள். கலைநிகழ்ச்சி ஸ்லைடு ஷோவுக்குக் கீழே தள்ளாதீர்கள்.

அறிகுறி: தளத்தைத் திறந்தால் ரம்மி விளம்பரம்

கடைசியாக, எனக்குத் தெரிந்ததிலேயே மோசமான கோளாறு. ஓர் ஊரில் தளம் செய்து கொடுத்தவர் டொமைன் பெயரை (தளத்தின் இணைய முகவரி) தன் சொந்த மின்னஞ்சலில் பதிந்து வைத்திருந்தார். கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை, அவசரத்துக்குச் செய்தது. மூன்று வருடத்தில் அவர் தொழிலை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் திறக்காத பெட்டியில் விழுந்தன. காலாவதியான பெயரை யாரோ வாங்கினார்கள். காட்சிப்பேழைகளில் ஒட்டியிருந்த அறுபது க்யூஆர் கோடுகளும் அன்றிலிருந்து ஆன்லைன் ரம்மிக்குப் போயின. பள்ளிக்கூடச் சுற்றுலா வந்த பையன்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். ஆசிரியரிடம் அரை மணி நேரம் கழித்துத்தான் சொன்னார்கள்.

பெயரைத் திரும்ப வாங்க முடியவில்லை. வேறு பெயரில் புதிதாகத் தொடங்கினோம். பழைய பக்கங்களில் பாதியை பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினிலிருந்து மீட்டோம். மீதியைப் பதிவேட்டிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தோம். அறுபது ஒட்டிகளையும் பிளேடால் சுரண்டி எடுத்தது காவலர்.

இப்போது டொமைன் அருங்காட்சியகத்தின் பொது மின்னஞ்சலில் இருக்கிறது, ஆள் பெயரில் இல்லை. கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டியாயிற்று. மாதம் ஒரு முறை முழுத் தரவும் ஒரு வன்தட்டில் இறங்கி இரும்பு பீரோவுக்குப் போகிறது. டொமைன், ஹோஸ்டிங், யாரைக் கூப்பிடுவது என்ற விவரமெல்லாம் ஒரே தாளில். அதைக் காப்பாட்சியர் பதிவேட்டின் பின்னட்டை உள்பக்கத்தில் ஒட்டி, அடுத்த புதுப்பிப்புத் தேதியைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். பதிவேட்டைத்தான் வருடா வருடம் தணிக்கைக்கு எடுப்பார்களாம், அப்போது எப்படியும் யார் கண்ணிலாவது படும் என்றார்.